எல்லையும் மதிப்பீடும்: ஆங்கில அளவு ஒப்பீட்டுத் தொடர்களும் தமிழாக்கமும்

0. முன்னுரை

அன்றாட ஆங்கிலத்தில் எண்ணுப்பெயருக்கு முன் நின்று அளவை ஒப்பிட்டுக் காட்டும் தொடர்கள் பல. 'மோர் தன்', 'லெஸ் தன்', 'நாட் மோர் தன்', 'நோ மோர் தன்', 'நோ லெஸ் தன்', 'ஆஸ் மெனி ஆஸ்' ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் 'விட அதிகம்', 'விடக் குறைவு' என்னும் இரு வாய்பாடுகளுள் அடக்கிவிடுகின்றனர். இவ்வாய்பாடுகள் சொற்பொருளைத் தருகின்றன. தொடர்ப்பொருளை எப்போதும் தருவதில்லை. இக்குறைபாட்டின் காரணத்தை ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படத்தக்க ஓர் அளவுகோலை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு பணிகள்

பின்வரும் இரு தமிழ்த் தொடர்களை நோக்குக.

(1) இவ்வறையில் 40 பேருக்கு மேல் அமரக் கூடாது.
(2) கூட்டத்திற்கு 40 பேர்தான் வந்தனர்.

முதல் தொடர் ஓர் எல்லையை வகுக்கிறது. அமர்வோர் பத்துப் பேராகவும் இருக்கலாம், நாற்பது பேராகவும் இருக்கலாம். இரண்டாம் தொடரில் எண்ணிக்கை தெரிந்தது. வந்தவர் நாற்பது பேரே. அவ்வெண் எதிர்பார்த்ததினும் சிறிது என்னும் பேசுவோர் கருத்தை 'தான்' உணர்த்துகிறது. முன்னதை எல்லைப்பணி என்றும் பின்னதை மதிப்பீட்டுப்பணி என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. தமிழில் இவை வெவ்வேறு உருபுகளாலும் இடைச்சொற்களாலும் புலப்படுகின்றன. ஆங்கிலத்திலோ ஒரே ஒப்பீட்டு அமைப்பு இரண்டையும் சுமக்கிறது. மொழிபெயர்ப்பில் எழும் இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

2. யெஸ்பர்சன் கருத்தும் அதன் வரம்பும்

டென்மார்க்கு நாட்டு மொழியியலார் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவம் பற்றிய தம் நூலில், 'நாட்' சேர்ந்த தொடரையும் 'நோ' சேர்ந்த தொடரையும் வேறுபடுத்திக் காட்டினார். 'நாட் மோர் தன் 3' என்பது மிகுந்தால் மூன்று எனப் பொருள்படும். 'நோ மோர் தன் 3' என்பது மூன்றே எனப் பொருள்படும். இவ்வேறுபாடு இன்றும் போற்றத்தக்கது. 'நோ மோர் தன் ஃபார்ட்டி பீப்பிள் கேம்' என்னும் தொடருக்கு '40 பேருக்கு மேற்படாதோர் வந்தனர்' என எழுதுவது பொருந்தாது. '40 பேர்தான் வந்தனர்' என்பதே பொருந்தும்.

எனினும் இவ்வேறுபாட்டைச் சொல் வடிவத்தில் மட்டுமே காண்பது தவறாகும். மருந்து உறைகளில் 24 மணி நேரத்தில் 'நோ மோர் தன்' 4 மாத்திரைகள் என்னும் அறிவுரை இடம்பெறுவதுண்டு. மேற்கூறிய விதியை இங்கு அப்படியே பின்பற்றினால், '24 மணி நேரத்தில் 4 மாத்திரைகள் மட்டும் உட்கொள்ளவும்' எனத் தமிழாக்கம் அமையும். இதைப் படிக்கும் நோயாளி, நான்கையும் உட்கொண்டாக வேண்டும் எனக் கருத இடமுண்டு. மேல்வரம்பாக இருந்தது மருந்தளவாகவே மாறிவிடுகிறது. '4 மாத்திரைகளுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது' என்பதே சரியான தமிழாக்கம்.

எனவே பணியை முடிவு செய்வது 'நோ', 'நாட்' என்னும் சொல் மட்டுமன்று, தொடரின் வகையுமாகும். நிகழ்ந்ததை எண்ணிக் கூறும் செய்தித் தொடரில் 'நோ மோர் தன்' மதிப்பீடாக நிற்கிறது. விதி, ஏவல், ஒப்பந்தம் ஆகியவற்றில் அதுவே எல்லையாக நிற்கிறது.

3. எல்லை உட்படுமா?

எல்லைப்பணியில் எழும் அடுத்த வினா, குறிக்கப்பட்ட எண் உள்ளடங்குமா என்பது. இந்திய அரசமைப்பின் 326ஆம் உறுப்பு வாக்குரிமைக்குரிய வயதை 'நாட் லெஸ் தன்' என்னும் தொடரால் வரையறுக்கிறது. 61ஆம் திருத்தச் சட்டம் (1988) அவ்வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. அன்றாட எழுத்தில் இது '18 வயதுக்கு மேற்பட்டோர்' எனப்படுகிறது. இத்தொடரின்படி 18 வயதை நிறைவு செய்த அன்றே ஒருவர் உரிமை பெறுவாரா என்பது ஐயத்திற்கு இடமளிக்கிறது. '18 வயதுக்குக் குறையாதோர்' என்றோ '18 வயது நிரம்பியோர்' என்றோ எழுதினால் ஐயம் நீங்கும். மக்களவை உறுப்பினரின் வயதைக் கூறும் 84ஆம் உறுப்பு 25-க்குக் குறையாமை என்னும் எதிர்மறையையும், குடியரசுத் தலைவரின் வயதைக் கூறும் 58ஆம் உறுப்பு 35 வயது நிறைவு என்னும் உடன்பாட்டையும் மேற்கொண்டுள்ளமை ஒப்புநோக்கத்தக்கது. இரண்டும் எல்லையை உட்படுத்துவன.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களைக் கூறுகிறது. ஒப்பும் எல்லையும் ஒரே வேற்றுமையின்கண் வைக்கப்பட்டமை ஈண்டுக் கருதற்குரியது. ஒப்பிடுவதற்கு ஒரு நிலைப்புள்ளி வேண்டும். அப்புள்ளி உள்ளதா புறத்ததா என்பதை உருபு தானாகக் கூறாது. அதனைக் கூறும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்தது.

எண்ணளவில் ஒத்த தொடர்கள் வழக்கில் ஒவ்வாமல் போவதும் உண்டு. முழு எண்களைப் பொறுத்தவரை 'இரண்டுக்கு மேல்' என்பதும் 'குறைந்தது மூன்று' என்பதும் ஒன்றே. எனினும் தந்தை ஒருவர், 'எனக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உண்டு' எனலாம். 'எனக்குக் குறைந்தது மூன்று பிள்ளைகள்' என்றாராயின் கேட்போர் வியப்பர். பின்னது பேசுவோர் சரியான எண்ணை அறியாமையைச் சுட்டுவது. இத்தகைய வேறுபாட்டை பார்ட் கர்ட்ஸ், ரிக் நௌவன் ஆகியோர் 2007-இல் 'லாங்குவேஜ்' இதழில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பெய்வது மொழிபெயர்ப்பாளர் தவிர்க்க வேண்டியது.

4. மதிப்பீட்டைத் தமிழ் உணர்த்தும் முறை

சிறுமையை உணர்த்தத் தமிழில் 'தான்', 'மட்டுமே', ஏகாரம் ஆகியன உள்ளன. இவ்வேகாரத்தைத் தொல்காப்பியம் பிரிநிலை எனக் கூறும் பொருளோடு இயைத்துக் காணலாம். 'லெஸ் தன்' ஏமாற்றக் குறிப்போடு வருமிடத்து, '40 பேருக்கும் குறைவானோர் வந்தனர்' என்பதினும் '40 பேர்கூட வரவில்லை' என்பதே இயல்பான தமிழ்.

பெருமையை உணர்த்தும் 'நோ லெஸ் தன்', 'ஆஸ் மெனி ஆஸ்' ஆகியவற்றின் தமிழாக்கமே மிகுதியும் பிழைபடுகிறது. 'ஆஸ் மெனி ஆஸ் ஃபார்ட்டி' என்பதை 'சுமார் 40' என்றோ '40-க்கும் மேற்பட்ட' என்றோ எழுதும் வழக்கம் காணப்படுகிறது. செய்தியாளர் 40 என எண்ணிக் கூறியதை முன்னது தோராயமாக்குகிறது, பின்னது மிகையாக்குகிறது. இங்கு மாற்ற வேண்டியது எண்ணையன்று. 'ஒருவர் இருவரல்லர், 40 பேர் வந்துவிட்டனர்' என்னும் அமைப்பு எண்ணைக் காத்து வியப்பையும் தருகிறது. வியப்பு இன்றியமையாததாக இல்லாவிடத்து, '40 பேர் வந்தனர்' என எளிமையாக எழுதுவதே மேல்.

5. மடங்குத் தொடர்கள்

'த்ரீ டைம்ஸ் மோர் தன்' என்னும் தொடர் ஆங்கிலத்திலேயே இருபொருள்படுவது. 100-ஐ அடிப்படையாகக் கொண்டால், சிலர் அதனை 300 என்பர். வேறு சிலர் 100-உடன் 300 கூட்டி 400 என்பர். 'மூன்று மடங்கு அதிகம்' என்னும் தமிழாக்கம் இக்குழப்பத்தையும் உடன் கொணர்கிறது. மூலத்தின் எண்களைச் சரிபார்த்து, 300 எனின் 'மும்மடங்காயிற்று' என்றும், 400 எனின் 'நான்மடங்காயிற்று' என்றும் எழுதுதல் வேண்டும்.

6. முடிவுரை

அளவு ஒப்பீட்டுத் தொடரைத் தமிழாக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். குறித்த எண் நிகழ்ந்த எண்ணிக்கையா, வகுத்த எல்லையா? எல்லையாயின், அவ்வெண் உட்படுமா? எண்ணிக்கையாயின், பேசுவோர் அதனைப் பெரிதாகக் கருதுகிறாரா, சிறிதாகக் கருதுகிறாரா? இவற்றிற்கு விடை கண்டபின் 'மேல்', 'குறையாத', 'நிரம்பிய', 'ஆவது', 'தான்', 'கூட' ஆகியவற்றுள் உரியது தானே வந்தமையும். 'விட' என்னும் ஒன்றையே எங்கும் ஆளும்போது, நோயாளி மருந்தின் அளவிலும் குடிமகன் தன் உரிமையிலும் ஐயுற நேர்கிறது. அகராதிகள் இத்தொடர்களுக்குப் பொருளோடு தொடர்வகையையும் சுட்டுமாயின் இவ்விடர் பெரிதும் குறையும்.