கரையானுக்கு மிஞ்சியது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். சொந்தமாக டொமைன் வாங்கி, வேர்ட்பிரஸ்ஸில் எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். காவியம் ஒன்றுமில்லை. முதுநகர் மீன் மார்க்கெட், திருப்பாதிரிப்புலியூர் தேர், 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்து ஓய்ந்ததும் அவர் தெருவில் எந்தெந்த மரம் விழுந்து கிடந்தது... எல்லாம் போட்டோவோடு. ஊர்க்காரர்களுக்கு அதுதான் காவியம்.

உடம்புக்கு முடியாமல் படுத்த ஒரு வருஷம், ஹோஸ்டிங் வாடகை கட்ட மறந்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் அழித்துவிட்டார்கள். நான் பதறிப்போய்ப் போனால், மனுஷர் கூலாக பென் டிரைவை நீட்டுகிறார்.

''கவலைப்படாதீங்க தம்பி. எல்லாம் பேக்கப் எடுத்து வெச்சிருக்கேன்.''

திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஃபைல். நாலு எம்.பி. எட்டு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் போட்டோ, நாலு எம்.பி.யா? எனக்கு வயிற்றைக் கலக்கியது.

புது இடத்தில் ஏற்றினோம். எழுத்து வந்தது. கமென்ட் வந்தது. போட்டோ இருந்த இடமெல்லாம் காலிக் கட்டம். அதற்குக் கீழே, 'எங்கள் வீட்டு வாசல் வேம்பு, புயலுக்கு முந்தைய வாரம்' என்று குறிப்பு மட்டும் இருந்தது. மரமும் இல்லை, படமும் இல்லை.

இதில் வாத்தியாரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வேர்ட்பிரஸ்ஸில் 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் முதல் ஆப்ஷன் 'ஆல் கன்டென்ட்'. எல்லாம் என்று போட்டிருந்தால் எல்லாம் என்றுதானே நினைப்போம்? அதில் வருவது எழுத்து, கமென்ட், பிரிவுகள், மெனு. போட்டோவுக்கு விலாசம் மட்டும்தான் இருக்கும், போட்டோ இருக்காது. தீம் கிடையாது, பிளக்-இன் கிடையாது, செட்டிங்ஸ் கிடையாது. திரும்ப ஏற்றும்போது 'படங்களையும் இறக்கிக்கொள்ளவா?' என்று கேட்கும். எங்கிருந்து? பழைய தளத்திலிருந்து! அது உயிரோடு இருந்தால்தான் நடக்கும். வீடு இடிந்துபோச்சு என்று வந்தவனிடம், 'அந்த வீட்டிலேயே போய் சாமானை எடுத்துக்கோ' என்பது மாதிரி. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோகச் செய்த வசதி அது. அதை பேக்கப் என்று நம்ப விட்டது தப்பு. பட்டனுக்குப் பக்கத்தில் 'படங்கள் இதில் இல்லை' என்று ஒரு வரி போட எத்தனை நேரமாகும்?

கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில்தான் தில்லை. பேக்கப் பற்றிப் பாடம் படிக்க அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. உமாபதி சிவம் பாடியதாகச் சொல்லப்படும் திருமுறை கண்ட புராணம் சொல்கிற கதை தெரிந்ததுதான். ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறார்கள். தேவார ஏடுகள் மேல் கரையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றை அகற்றிப் பார்த்தால் பெரும்பகுதி போய்விட்டது. 'இந்தக் காலத்துக்கு வேண்டியது மிஞ்சியிருக்கிறது' என்று அசரீரி ஆறுதல் சொல்கிறது. பத்திரமாகப் பூட்டினார்கள், திறந்து பார்க்கவில்லை. நம் பென் டிரைவும் அதே அறைதான். என்ன, இந்தக் கரையான் சத்தமில்லாமல் வரும். அசரீரியும் கேட்காது.

கதைக்கு இன்னொரு பின்பாதி உண்டு. சம்பந்தர் திருவிடைவாய் என்ற ஊரில் பாடிய ஒரு பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் இருந்தது போன நூற்றாண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு ஊர், வேறு பொருள், இன்னொரு காப்பி. ஓலையைத் தின்ற கரையானுக்குக் கல்லில் பல் இறங்கவில்லை. இன்றைய கம்ப்யூட்டர்க்காரர்கள் மூன்று பிரதி, இரண்டு விதப் பொருள், ஒன்று வெளியூரில் என்று சொல்கிற சூத்திரம் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அடுத்த குறை நம்மவர்கள் மேல். வலைப்பதிவு எப்படி வைப்பது என்று தமிழில் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். காசு வாங்காமல், யாரோ முகம் தெரியாதவனுக்கு ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பதில் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பாடங்களைப் புரட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு அலங்காரம். பனி கொட்டுவது எப்படி, கடிகாரம் தொங்கவிடுவது எப்படி. 'இந்தக் கோடை ஹெட் டேகுக்கு மேலே ஒட்டுங்கள்' என்பார்களே தவிர, 'ஒட்டுமுன் பழைய டெம்ப்ளேட்டைச் சேமியுங்கள்' என்ற வரி பலதில் இருக்காது. பிளாக்கரில் தீமைத் தனியாகச் சேமிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. வேர்ட்பிரஸ்ஸில் தீம் ஃபைலில் நேராகக் கைவைத்தால், அடுத்த அப்டேட்டில் உழைப்பெல்லாம் துடைத்துப்போகும். அதற்கு 'சைல்டு தீம்' என்று தனியாக ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் கைதட்டு கிடைக்காது. பனி கொட்டினால் கிடைக்கும்.

தமிழுக்கென்றே இன்னொரு வியாதி உண்டு. டேட்டாபேஸை இடம் மாற்றியதும் எழுத்து கெட்டுப்போவது. அதில் இரண்டு வகை. தலையில் கொம்பும் தொப்பியும் முளைத்த ரோமன் எழுத்தாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும், குறியீட்டை யூ.டி.எஃப்-8 என்று சரியாகச் சொன்னால் திரும்பிவிடும். டேட்டாபேஸுக்குள்ளேயே வரிசையாகக் கேள்விக்குறிகள் உட்கார்ந்திருந்தால் போனது போனதுதான். பழைய இடத்தை காலி பண்ணுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

ஆக, என்ன செய்யலாம்? வேர்ட்பிரஸ் என்றால் டேட்டாபேஸ், 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டர், 'கான்ஃபிக்' ஃபைல் மூன்றும் வேண்டும். டேட்டாபேஸையும் அந்த ஃபோல்டரையும் அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி பிளக்-இன் இலவசமாகவே கூகுள் டிரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெள்ளைத் திரை வந்து தளம் நின்றால், முதலில் 'பிளக்-இன்ஸ்' ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள். பாதி வியாதி அங்கேதான் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், வருஷத்துக்கு ஒரு தரமாவது அந்த பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் விரித்துப் பார்ப்பது. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், டேலி பண்ணாத பேரேடு கணக்கே இல்லை, வெறும் நம்பிக்கை.

வாத்தியார் கதை என்னாச்சு? வேபேக் மெஷின் என்கிற இணையக் காப்பகத்தில் கொஞ்சம் படங்கள் கிடைத்தன. பழைய மாணவர்கள் தங்களிடம் இருந்ததை அனுப்பினார்கள். பாதிக்குக் கீழேதான் தேறியது. வேப்பமரம் கிடைக்கவில்லை.

இப்போது மூன்று காப்பி வைத்திருக்கிறார். மூன்றாவது, சிதம்பரத்தில் மகள் வீட்டு பீரோவில்.

''மறுபடியும் அதே ஊரா சார்?'' என்றேன்.

''இந்த தடவை மாசா மாசம் திறந்து பார்க்கிறேன் தம்பி'' என்றார்.