வழக்குரை காதையும் வேந்தன் பொறுப்பும்

சிலப்பதிகாரம் நிலைநாட்டும் உண்மைகள் மூன்று என்பது அந்நூற்பதிகம் தரும் செய்தி. அவற்றுள் முதலாவது, அரசியலில் தவறு இழைத்தாரை அறமே கூற்றாக நின்று அழிக்கும் என்பதாம். இதனை அடியாகக் கொண்டு, பழந்தமிழ் நாட்டில் சட்டம் மன்னனுக்கும் மேற்பட்டு நின்றது என்றும், வணிகர் குலத்து நங்கை ஒருத்தி வேந்தனை அவன் அவையிலேயே வழக்கில் வென்றமை அதற்குச் சான்று என்றும் உரைப்பது மேடைகளில் பெருவழக்காகியுள்ளது. இக்கூற்று நூலின் போக்கோடு எத்துணைப் பொருந்தும் என்பதைக் காண்டல் வேண்டும். அதிகாரம் உடையோர் சட்டத்தின் பிடிக்குத் தப்பிவிடுகின்றனரா என்னும் வினா எல்லாக் காலத்துக்கும் உரியது. அதற்குச் சிலம்பு அளிக்கும் விடை யாது என்பதை அகச்சான்று கொண்டே ஆராயப் புகுகின்றோம்.

1. கட்டளை பிறந்த முறை

கொலைக்களக் காதையில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரசவையில் வீற்றிருந்து தீர்ப்புக் கூறவில்லை. ஊடிச் சென்ற தேவியின் சினம் தணிக்க அந்தப்புரம் நோக்கி விரைகின்றான். இடைவழியில் பொற்கொல்லன் அடி பணிந்து, காணாமற்போன சிலம்புடன் கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகின்றான். மன்னன் ஊர்காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையதாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்கின்றான். இவ்விடத்து மன்னன் வாய் தவறிக் கூறினான் என்று அமைதி காண்பாரும் உளர். அவ்வமைதி எமக்கு உடன்பாடன்று. கட்டளையில் 'கையதாயின்' என்னும் நிபந்தனை ஒன்று உளது. ஆனால் அந்நிபந்தனை நிறைவேறியதா என்று முடிவு செய்யும் உரிமை குற்றஞ்சாட்டியவனுக்கும் காவலருக்குமே விடப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவனை வினவுக என ஒரு சொல்லேனும் அங்கு இல்லை. பிழை ஒரு சொல்லின்கண் இல்லை. கேளாது விதித்த செயலின்கண்ணே உளது.

அதன் பின் நிகழ்வதும் நுணுகி நோக்கற்பாலது. காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன் போலத் தோன்றவில்லை என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவ்வையத்தை மழுங்கச் செய்கின்றான். பலர் தயங்கி நிற்க, கல்வியறிவில்லாக் கள்ளுண்டான் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். கட்டளை ஒருவனுடையது, பொய் ஒருவனுடையது, வாள் ஒருவனுடையது. பொறுப்பு இவ்வாறு பலர் கையில் பகுக்கப்படும்பொழுது, எவரும் தம்மைக் கொலைஞர் எனக் கருதாமலே கொலை நிறைவேறிவிடுகின்றது. அரசியற் பிழையின் இயல்பை இளங்கோவடிகள் இவ்விடத்து நன்கு கண்டுணர்த்தியுள்ளார்.

2. அவைக்களத்தில் நிகழ்ந்தது

வழக்குரை காதையில் கண்ணகி ஆற்றும் வாதம் முறையாக அமைந்தது. தன் ஊரைக் கூறுமிடத்தே புறாவின் பொருட்டுத் தன் உடலை அரிந்த சோழனையும், ஆவின் கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் எடுத்துக் காட்டுகின்றாள். இவை வெறும் ஊர்ப்பெருமையல்ல. அரசன் தன்னையும் தன் குடியையும் விலக்காது முறை செய்தல் வேண்டும் என்பதற்குரிய முன்னிகழ்ச்சிகள். பின்னர் வழக்கின் பொருளைச் சுருங்க உரைக்கின்றாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மையன்று என்று பாண்டியன் விடை இறுக்கின்றான். அதன் மேல் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். எம்முடைய சிலம்பின் பரல் முத்து என்று மன்னனே ஒப்புகின்றான். சிலம்பு உடைகின்றது; மாணிக்கம் தெறிக்கின்றது.

இங்கு வேந்தன் எந்நிலையில் உள்ளான்? குற்றஞ்சாட்டப்பட்டவனும் அவனே; நடுவனும் அவனே; பரல் முத்து என்று கூறிய சான்றும் அவனே. அவையில் அமைச்சர் இருந்தனராயினும் தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர்க்கு இல்லை. தேவியின் சிலம்பினும் மாணிக்கப் பரலே உளது என்று அவன் கூறியிருந்தால், மறுத்துரைப்பார் அவ்வவையில் யாவர்? அவன் அவ்வாறு கூறவில்லை. தான் அரசனல்லன், தானே கள்வன் என்று கூறி உயிர் நீத்தான். நெடுஞ்செழியனின் பெருமை இது. இதனைக் குறைத்தல் எம் நோக்கமன்று. ஆயின் இது மன்னன் தன்னெஞ்சு தனக்கு விதித்த தண்டனையேயன்றி, சட்டம் மன்னனுக்கு விதித்த தண்டனையன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே மேற்கூறிய மேடை வழக்கின் பிழை.

3. சதுக்கப் பூதமும் பாவை மன்றமும்

இவ்வேறுபாட்டை அடிகள் அறிந்தே வைத்தார் என்பதற்கு இந்திரவிழவூரெடுத்த காதை சான்று பகரும். புகார் நகரத்து மன்றங்களுள் இரண்டு ஈண்டு ஒப்பு நோக்கற்குரியன. சதுக்கப் பூதம் போலித் துறவியர், ஒழுக்கம் தவறிய மகளிர், வஞ்சக அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைத் தன் கயிற்றால் பிணித்து உண்ணும். இப்பட்டியலில் அமைச்சர் உளர், அரசன் இலன். அரசன் பிழைத்தாலோ, அறங்கூறும் அவை ஒருதலைச் சார்ந்தாலோ நிகழ்வது பாவை மன்றத்தில் கூறப்படுகின்றது. அங்குள்ள பாவை வாய் திறந்து பேசாது. கண்ணீர் மட்டும் சொரியும்.

அமைச்சனுக்குக் கயிறு, அரசனுக்குக் கண்ணீர். கயிறு குற்றவாளியைப் பற்றும்; கண்ணீர் குற்றம் நிகழ்ந்தது என்று ஊருக்கு அறிவிக்கும். குடிகளின் கண்ணீர் அரசின் செல்வத்தைத் தேய்க்கும் படையாகும் என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இக்கருத்தோடு இயைவதே. ஆயினும் தேய்த்தல் நெடுநாட்பட நிகழ்வது. அதற்குள் கோவலர் பலர் மாள்வர்.

4. மதுராபதியின் வழக்காடல்

மன்னன் இறந்த பின்னரும் வழக்கு முடியவில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றிப் பாண்டியர் சார்பில் வாதிடுகின்றது. கீரந்தை மனைவியின் பொருட்டுத் தன் கையைத் தானே குறைத்த மன்னனைக் கூறுகின்றது. வார்த்திகன் கதையையும் கூறுகின்றது. திருத்தங்காலில் வாழ்ந்த அவ்வந்தணனை, புதையல் கவர்ந்தான் என்று அரசன் ஏவலர் பொய்யாகச் சிறையிட்டனர். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. மன்னன் உசாவி உண்மை உணர்ந்து, தன் பிழை பொறுக்க வேண்டி, ஊர்கள் வழங்கி, நிலத்தில் வீழ்ந்து வணங்கினான்.

இவை பாண்டியர் மேன்மைக்குக் கூறப்பட்டவை. எனினும் கூர்ந்து நோக்கின் வேறொன்றும் புலனாகும். வார்த்திகன் வழக்கை வெளிக்கொணர்ந்தது ஒரு நீதிமன்றமன்று, திறவாத கதவம். பொய்யாகச் சிறையிட்ட ஏவலர்க்கு நேர்ந்தது யாது என்று கதை கூறவில்லை. தெய்வம் இறுதியாகக் காட்டும் காரணம் பழவினை. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரினனாய் அரசன் தொழில் செய்தவன்; சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய் கூறிக் கொல்வித்தான்; அவன் மனைவி நீலியின் சாபம் இப்பிறப்பில் பலித்தது. பாண்டியன் பழியைக் குறைக்கும் இவ்விளக்கமே முந்தைய ஓர் உண்மைக்கும் சான்றாகின்றது: பரதனை அவன் காலத்து அரசு தண்டிக்கவில்லை. அரசு விட்ட கடனை மறுபிறப்பு தண்ட வேண்டியதாயிற்று. ஊழ் உருத்து வருதல் என்னும் கோட்பாடு, மன்றம் செய்யத் தவறிய இடத்திலேயே செயற்படுதல் காண்க.

5. பொற்கொல்லர் ஆயிரவர்

இவற்றினும் நெஞ்சை வருத்துவது ஒன்று உளது. நெடுஞ்செழியனுக்குப்பின் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் கூறுகின்றன. அதன் பயனாக மழை பெய்து, பிணியும் துன்பமும் நீங்கின என்பர். பிழைத்தவன் ஒரு பொற்கொல்லன்; மடிந்தவர் ஆயிரவர். கண்ணகி ஏவிய தீக்குக்கூட அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கமே சேர்க என்னும் வரம்பு இருந்தது. அரசன் செய்த பலியில் அவ்வரம்பு இல்லை. கேளாது கொன்ற பிழைக்குக் கழுவாயாக மீண்டும் ஆயிரவரைக் கேளாது கொன்றனர். அரசின் பழியை ஒரு தொழிற்குடி சுமந்தது. இதனைச் சடங்கு என்று கூறிக் கடந்து செல்லும் உரைகள், நூலின் முதல் உண்மையை அரைகுறையாகவே உணர்ந்தன எனல் வேண்டும்.

வாழ்த்துக் காதையில் கண்ணகியே தோன்றித் தென்னவன் குற்றமற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறுகின்றாளே எனின், அது தடையாகாது. குற்றத்தை ஒப்பி உயிர் கொடுத்தவனை, இழந்தவள் மன்னித்தாள். ஒப்புதல் முன்னும் மன்னிப்புப் பின்னும் நிகழ்ந்தன. ஒப்புதல் இன்றியே மன்னிப்பை வேண்டுவார்க்கு அக்காதை துணை செய்யாது.

6. இக்காலத்து ஒப்புமை

மன்னன் நெஞ்சை நம்பியிராது மன்றத்தை அமைத்தல் பிற்காலத்தார் கண்ட வழி. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 361ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோர்மீது பதவிக்காலத்தில் குற்ற வழக்கு நடத்துதலைத் தடுக்கின்றது; தலைமை அமைச்சருக்கு அக்காப்பு இல்லை. அலகாபாத் உயர்நீதிமன்ற நடுவர் சின்கா 1975 சூன் 12இல் தலைமை அமைச்சர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். பாவை அழுத இடத்தில் மன்றம் பேசிற்று எனலாம். ஆயின் அவ்வாண்டிலேயே 39ஆம் திருத்தம், தலைமை அமைச்சரின் தேர்தலை நீதிமன்றங்களின் எல்லைக்கு அப்பால் வைத்தது. தேர்தற் சட்டமும் முன்னாளிலிருந்தே செல்லுமாறு திருத்தப்பெற்றது. நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் அப்பகுதியை நீக்கிற்று. எனினும் மாற்றிய தேர்தற் சட்டத்தின்படி அத்தேர்தலைச் செல்லும் என்றது. நெடுஞ்செழியன் பரலை மாற்றிக் கூறவில்லை. இங்குப் பரலை அளக்கும் கோலே மாற்றப்பெற்றது. மன்றம் அமைத்தலோடு பணி முடிவதில்லை. அளவுகோலை ஆள்வோர் கைக்கு எட்டாது வைத்தலும் வேண்டும் என்பது இதனாற் போதரும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், சிலம்பில் சட்டம் வேந்தனை வென்றது என்னும் கூற்றுப் பொருந்தாது என்பது பெறப்படும். வழக்கில் வென்றவள் கண்ணகி. தண்டித்தது மன்னன் நெஞ்சம். அந்நெஞ்சம் வாய்த்தது மதுரையின் நற்பேறு. அதனை ஓர் அமைப்பாகக் கொள்ளுதல் தவறு. அந்நற்பேறு வாய்த்தும் கோவலன் மீளவில்லை, ஊர் எரிந்தது, ஆயிரவர் மடிந்தனர். அரசியல் பிழைத்தார்க்கு அறம் கூற்றாகும் என்பதை ஆள்வோர்க்குரிய எச்சரிக்கையாக மட்டும் கொள்ளற்க. மன்றம் வாய் பேசாத நாட்டில் அறம் கூற்றுவன் வடிவிலேயே வரும். வருங்கால் குற்றம் செய்தாரை மட்டும் கொண்டு செல்லாது. அடிகள் நமக்கு உணர்த்தும் அச்சம் இதுவே என்பது எம் துணிபு.