வாக்குச்சீட்டும் வேலைநிறுத்தமும்: தொழிற்சட்டம் குறித்த ஒரு மதிப்பீடு

வேலைநிறுத்தத்துக்கு முன்னர் இரகசிய வாக்கெடுப்பு நடத்தப்படல் வேண்டும் என்னும் கோட்பாடு முதற்பார்வையில் மறுக்கவியலாதது. பெரும்பான்மையோரின் விருப்பை அறியாது தலைவர் சிலர் வேலையை நிறுத்தச் செய்வது சனநாயகமாகாது என்பதை எவரும் ஒப்புவர். ஆயினும் ஒரு கோட்பாட்டின் பெறுமதி அதன் சொற்களில் அன்று, அது எவர் கையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. வாக்கெடுப்பை வற்புறுத்தும் சட்டம் தொழிலாளரின் குரலைக் கேட்பதற்கு எழுந்ததா, அன்றி அக்குரலைத் தடுப்பதற்கு எழுந்ததா என்பதே ஈண்டு நாம் ஆராய முற்படும் வினா. இதனை நீதிமன்றங்கள் அமைந்த தலைநகரங்களிலிருந்து மட்டும் நோக்குதல் போதாது. கலா ஓயாவின் கழிமுகத்தை அண்டிய எலுவன்குளம் போன்ற கரையோரச் சிற்றூரிலிருந்தும் நோக்குதல் வேண்டும்.

முதலில் பிரித்தானிய அனுபவத்தைக் காண்போம். 1901 ஆம் ஆண்டின் டாஃப் வேல் வழக்கில், வேலைநிறுத்தத்தால் புகையிரதக் கம்பனிக்கு நேர்ந்த நட்டத்துக்குத் தொழிற்சங்கமே பொறுப்பு எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன் விளைவைத் தொழிலாளர் இயக்கம் 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அகற்றிக்கொண்டது. தட்சர் ஆட்சியின் 1984 ஆம் ஆண்டுச் சட்டமோ அப்பாதுகாப்பை இரகசிய வாக்கெடுப்புடன் பிணைத்தது. அன்றுமுதல் வேலைநிறுத்தத்தின் காரணம் நியாயமானதா என்ற வினா பின்தள்ளப்பட்டது. வாக்கெடுப்பில் வழு உண்டா என்ற வினா முன்வந்தது.

2010 இல் எழுந்த பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் பணியாளர் வழக்கு இதற்குத் தக்க சான்று. வாக்களித்தோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வேலைநிறுத்தத்தை ஆதரித்திருந்தனர். எனினும் செல்லாத வாக்குகள் 11 என்ற செய்தியை உறுப்பினர்க்கு உரியவாறு அறிவிக்கவில்லை என்னும் காரணத்தால் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது; அதுவும் மூவருள் இருவரின் முடிவாலேயே. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினருள் 50 சதவீதத்தினரேனும் வாக்களித்தல் வேண்டும் எனவும், முக்கிய பொதுச்சேவைகளில் தகுதியுடையோர் அனைவருள் 40 சதவீதத்தினர் ஆதரித்தல் வேண்டும் எனவும் விதித்தது. இந்த 40 சதவீத விதியை நீக்குதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்களியாது வீட்டிலிருப்பவரை எதிர்ப்பவராக எண்ணும் இத்தகைய அளவுகோலைப் பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலுக்கு எவரும் விதித்ததில்லை என்பது கவனிக்கற்பாலது.

இலங்கையில் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், அத்தியாவசியக் கைத்தொழிலில் வேலைநிறுத்தம் செய்வோர் 21 நாள் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்றது. ஆனால் 1980 யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரி நிகழ்ந்த பொது வேலைநிறுத்தத்தை அரசு எதிர்கொண்டது அவசரகால ஒழுங்குவிதிகளால். வேலைக்கு வராதோர் தம் பதவியைத் தாமே கைவிட்டவராகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் தொழில் இழந்தனர். கூலி கேட்டு நின்றவரை வேலை வேண்டாமென்று போனவராக மாற்றிய இச்சட்டப் புனைவின் முன், வாக்கெடுப்பில் வழுக் காணவேண்டிய தேவையே அரசுக்கு இருக்கவில்லை.

2003 இல் தமிழ்நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர் பதவிநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, அறநெறிப்படியும் இல்லை என்றது. பெரும்பாலோர் நிபந்தனையுடன் மீளச் சேர்க்கப்பட்டனராயினும், அக்கூற்று தொழிலாளர்க்கு எதிரான மேற்கோளாக நிலைத்துவிட்டது.

வாக்குப்பெட்டி தொழிலாளர்க்கு ஆதரவாகவே வைக்கப்பட்டபோது நிகழ்ந்தது என்ன? 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், உரிய தொழிலாளருள் 40 சதவீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேரம்பேச மறுத்தல் நேர்மையற்ற தொழில் நடைமுறை என்றது. அவ்வளவை அறிதற்குத் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு நடத்துதல் வழக்கமாயிற்று. 2003 யூலையில் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தின் ஜகலங்கா ஆடைத் தொழிலகத்தில் அவ்வாறு நடைபெற்றபோது, வாக்குரிமையுடைய ஏறத்தாழ 400 பேருள் வாக்களித்தோர் 17 பேரே. அச்சுறுத்தலே காரணம் எனச் சங்கம் முறையிட்டது. சர்வதேச நெருக்குதலின் பின் அவ்வாண்டிலேயே இருதரப்பினரிடையே உடன்பாடு ஏற்பட்டது. வாக்குச்சீட்டு இரகசியமாக இருக்கலாம். வாக்களிக்கச் செல்லும் பாதை இரகசியமன்று. எவர் சென்றார் என்பதை முகாமையாளர் காணக்கூடிய இடத்தில் வைக்கப்படும் பெட்டி, விருப்பத்தை அளப்பதில்லை; அச்சத்தையே அளக்கின்றது.

இனி எலுவன்குளத்துக்கு வருவோம். இங்கிருந்து தெற்கே புத்தளக் களப்போரம் நெடுகிலும் மீன்பிடியிலும் உப்பளங்களிலும் இறால் பண்ணைகளிலும் கூலிக்கு உழைப்போர் உளர். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்கிறது 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். வாய்மொழி ஒப்பந்தத்தின் கீழ் உழைப்பவரும் தொழிலாளரே என்கிறது 1950 ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டளவில் இவை பரந்த உரிமைகள். ஆனால் பருவத்துக்கொரு முதலாளியிடம், இருவர் மூவராய், முற்பணக் கடனோடு உழைப்பவர்க்கு உறுப்பினர் பட்டியல் ஏது? வாக்கெடுப்பை ஒரே வாயிலாக ஆக்கும் சட்டம், பட்டியலில் இல்லாதவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது.

இதனால் வாக்கெடுப்பே வேண்டா என்பது நம் முடிபன்று. கட்சிக் காரியாலயத்தில் எடுத்த முடிவை உறுப்பினர்மீது சுமத்திய சங்கங்கள் நம் நாட்டிலும் உண்டு. அக்குறையை மறைத்துக்கொண்டு சட்டத்தை மட்டும் சாடுதல் நேர்மையாகாது. உறுப்பினரைக் கேளாத சங்கம், அவர் வேலை இழக்கும்போது அவரைக் காக்கும் தகுதியையும் இழக்கின்றது. ஆகவே வாக்கெடுப்பு சங்கத்தின் கடமையாகட்டும். முதலாளியின் ஆயுதமாக வேண்டா. வாக்களித்தவர் வேலை இழக்கார் என்ற உறுதியைச் சட்டம் முதலில் அளிக்கட்டும். நீதிமன்றம் முடிவை மாற்றக்கூடிய வழுவை மட்டும் ஆராயட்டும். இவ்வொழுங்கு தலைகீழாக இருக்குமளவும், எண்ணப்படும் வாக்குகள் தொழிலாளரின் மௌனத்தையே சம்மதமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.