குருதியும் மாசின்மையும்

மருத்துவராயிருந்து போதகரான எம். ஆர். டி ஹான் 1943இல் ‘இரத்தத்தின் இரசாயனம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். பாவம் இரத்தத்தின் வழியே கடத்தப்படுகிறது. பிள்ளையின் இரத்தம் தந்தையாலேயே உண்டாகிறது. ஆகவே மானிடத் தந்தையின்றிப் பிறந்த கிறிஸ்துவின் இரத்தம் மாசற்றது என்பது அதன் வாதம். கேட்போர் உள்ளத்தை எளிதில் கவரும் இவ்வாதத்தைப் பீடத்தில் எடுத்தாளுமுன் ஆராய்தல் நம் கடமையாகும்.

தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் பொதுவாகக் கலப்பதில்லை என அவர் கூறுவது உண்மையே. எனினும், அதிலிருந்து அவர் கொள்ளும் முடிவு பெறப்படாது. கருவின் இரத்தம் கருவின் சொந்த உயிரணுக்களிலிருந்தே தோன்றுகிறது. வான் பேயர் 1827இல் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்தார். முட்டையின் உட்கருவும் விந்தணுவின் உட்கருவும் இணைவதை ஹெர்ட்விக் 1876இல் விளக்கினார். இவ்வாறு இருவரின் பங்கும் தெளிவாயிற்று. தாய் ‘ஏ’ பிரிவும் தந்தை ‘பி’ பிரிவுமாயின், பிள்ளை ‘ஏபி’ பிரிவாகப் பிறத்தல் கூடும். தாயின் பங்கு இரத்தத்திலேயே வெளிப்படுகிறதன்றோ?

பண்டையோர் டி ஹானுக்கு நேர்மாறாக எண்ணினர். தாயின் இரத்தமே மூலப்பொருள், தந்தையின் வித்து அதற்கு உருவளிப்பது என்றார் அரிஸ்டாட்டில். சாலமோனின் ஞானமும் (7:2) இவ்வெண்ணத்தையொட்டியே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், கிறிஸ்துவின் திருவுடல் மரியாளின் தூய இரத்தத்தினின்று உருவாயிற்றென விளக்கினார். ஒருவர் தாயின் இரத்தத்தை நாடினார். மற்றவர் அதனை விலக்கினார். இருவரும் அறிக்கையிட்டதோ கன்னிப்பிறப்பு என்னும் ஒரே உண்மையை! உடலியல் மாறியும் அறிக்கை மாறவில்லையெனில், அது உடலியலின்மேல் கட்டப்பட்டதன்று என்பது தெளிவு.

டி ஹானின் வாதத்தால் நேரும் இழப்பு பெரிது. பாவம் தேவனுக்கு விரோதமான மனிதனின் கலகமாயிராமல், குருதியிலுள்ள ஒரு பொருளாகிவிடுகிறது. தாய் வெறும் கொள்கலமாகிறாள். கிறிஸ்துவோ நம்முடையதல்லாத இரத்தத்தை உடையவராகிறார். எபிரெயர் 2:14 அவர் பிள்ளைகளைப்போலவே மாம்சத்திலும் இரத்தத்திலும் பங்குகொண்டதாகச் சாற்றுகிறது. 451இல் கூடிய கல்கெதோன் சங்கமும், மனிதத்தன்மையில் அவர் நம்மோடு ஒரே தன்மையர் என அறிக்கையிட்டது.

லூக்கா 1:35 அவருடைய பரிசுத்தத்தைப் பரிசுத்த ஆவியானவரின் செயலோடு இணைக்கிறது, இரத்தத்தின் ஆக்கத்தோடன்று. அருளுரையாளர் நிற்கவேண்டிய இடம் அதுவே.