மரக்காணத்துக் கண்ணாடி: சைக்கிள் பயணக் குறிப்புகளைப் பற்றிச் சில குறிப்புகள்

சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் அந்தச் சாலையில் ஓட்டுகிறவன்தான், குறிப்பும் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த விமர்சனத்தில் முதல் அடி எனக்கே விழும் என்று முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

குறிப்புகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. காலை நாலரைக்குக் கிளம்பினோம், மாமல்லபுரத்தில் இட்லி, கடப்பாக்கத்தில் இளநீர், ஆலம்பரைக் கோட்டையில் ஒரு குரூப் போட்டோ, மரக்காணத்தில் உப்பளம், மதியத்துக்குள் புதுச்சேரி. கூடவே தூரம், சராசரி வேகம், எத்தனை பஞ்சர். ஏற்றம் என்ற கட்டத்தில் மட்டும் எழுத ஒன்றும் இருக்காது, சாலை அவ்வளவு சமதளம். கடைசியில் ஒரு பரிந்துரை: 'டிசம்பர், ஜனவரியில் போங்க. அப்பத்தான் அழகு.'

பரிந்துரைக்குச் சாட்சியாக ஒரு படம் இருக்கும். மரக்காணத்து உப்பளம், பாத்தி முழுக்கத் தண்ணீர், அதில் வானம் அப்படியே தலைகீழாக. என்னிடமும் அந்தப் படம் இருக்கிறது. 'மரக்காணத்துக் கண்ணாடி' என்று தலைப்பு வைத்துப் போட்டிருந்தேன். நிறைய பேர் பாராட்டினார்கள்.

போன வருஷம் மார்ச் மாதம் தற்செயலாக அதே இடத்தில் நிறுத்தினேன். செயின் கழன்றுவிட்டது, அவ்வளவுதான் காரணம். மாட்டிக்கொண்டிருந்தபோது பாத்தியிலிருந்து கரையேறி வந்த ஒரு அம்மா, கையில் தண்ணிக் குடத்தோடு நின்று பார்த்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று செல்போனில் என் படத்தைக் காட்டி, "இது இந்த இடந்தானேம்மா?" என்றேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமா தம்பி, மழக்காலத்துல எடுத்தது. அப்ப நாங்க இங்க இருக்க மாட்டோமே. வேல ஏது அப்ப?"

அதுக்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. கண்ணாடி என்று நான் கொண்டாடினது வேலை நின்றுபோன பாத்தி. வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் முழுகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் நீரை வடித்து, சேற்றை வாரி, தளத்தை மிதித்து இறுக்கித்தான் மறுபடி தொடங்க வேண்டும். கோடை முழுக்க உப்பு வாருவார்கள். அடுத்த மழை வந்தால் எல்லாம் நிற்கும். நாங்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி 'அழகான சீசன்' என்று குறித்திருப்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கூலி இல்லாத சீசன்.

சைக்கிள்காரர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. மே மாத மதியத்தில் அந்தச் சாலையில் ஓட்டினால் மயங்கி விழ வேண்டியதுதான். கழுவெளிக்கு வலசைப் பறவைகள் வருவதும் குளிர்காலத்தில்தான். 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு பறவை பார்க்கவென்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, டிசம்பர் பரிந்துரைக்கு நியாயம் இருக்கிறது. என் பிரச்சினை வேறு. குறிப்பு எழுதுகிறவர் சாலையை ஆளில்லாத திரை மாதிரி பார்க்கிறார். பக்கவாட்டில் ஓடுவதெல்லாம் காட்சி. அந்தக் காட்சியை யாரோ கையால் செய்கிறார்கள் என்ற தகவல் குறிப்பில் விழுவதே இல்லை.

ஒரு உதாரணம்: காற்று. எல்லாக் குறிப்பிலும் காற்றைப் பற்றிப் புலம்பல் இருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பும், தெற்கு நோக்கிப் போகிறவருக்குச் சாய்வான எதிர்க்காற்று. வேகம் விழும், தொடை எரியும். ஆனால் உப்பு செய்கிறவருக்கு வெயிலும் காற்றும்தான் மூலதனம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 35 கிராம்தான். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிப் போன பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு படிய ஆரம்பிக்கும். நம்மைத் தள்ளுகிற காற்றுதான் அந்த நீரையும் கொண்டுபோகிறது. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் புலம்பல் தகவலாகிவிடும். சேர்த்த குறிப்பு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இன்னொன்று, பக்கிங்காம் கால்வாய். 'வழியில் ஒரு கால்வாய்' என்று தாண்டிவிடுகிறோம். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து கடலோரமாகவே சுமார் 420 கிலோமீட்டர் வரும் அந்த நீர்வழி முடிகிற ஊரே மரக்காணம்தான். ரயிலும் லாரியும் எடுத்துக்கொள்ளும் வரை உப்பும் விறகும் படகில் போன வழி அது. இந்தக் கரையில் ஈசிஆருக்கு முந்தைய ஈசிஆர் என்றே சொல்லலாம்.

சரி, வழிக்குறிப்பை வேறு எப்படித்தான் எழுதுவது? இதே ஊருக்கு எழுதப்பட்ட பழைய வழிக்குறிப்பு ஒன்று நம்மிடம் இருக்கிறது: பத்துப்பாட்டில் மூன்றாவதான சிறுபாணாற்றுப்படை, 269 அடி. உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பேர் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது, கடப்பாக்கம் பக்கம்தான். நாம் இளநீர் குடிக்க நிறுத்துகிற அதே இடம்! பாட்டில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. அதில் இயற்கைக் காட்சிக்குக் குறைச்சலே இல்லை. கடற்கரை வழியில் தாழை அன்னம் போலப் பூத்திருக்கும், புன்னை மொட்டு முத்து மாதிரி இருக்கும். நம் குறிப்புகளைவிட அழகாகவே இருக்கிறது. ஆனால் பாட்டு அங்கே நிற்பதில்லை. எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள், தூங்கும் ஒட்டகம் போலக் கிடப்பவை, அங்கே விறகாகின்றன. நுளைச்சியர் காய்ச்சிய கள்ளைப் பரதவர் தருவார்கள், சுட்ட குழல் மீன் வீட்டுக்கு வீடு கிடைக்கும். அடுத்து வேலூரில் (இது வேறு வேலூர், திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள்) எயிற்றியர் புளி போட்ட சூடான சோறும் ஆமான் கறியும் தருவார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று தகவல்: நிலம் எப்படி, அங்கே யார், அவர்கள் என்ன தருவார்கள். நான் மென்பொருள் ஆள், அட்டவணையாகப் போட்டுப் பார்த்தேன். நம் குறிப்புகளில் முதல் பத்தி நிரம்பி வழிகிறது. மூன்றாவதில் கடையின் பேர் மட்டும். இரண்டாவது காலி.

பாட்டையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. அது பரிசு தரும் தலைவனைப் புகழும் பாட்டு, அவன் நாட்டில் யாருக்கும் குறை இருப்பதாகச் சொல்லாது. எயிற்பட்டினத்துப் பகுதியில் உப்பு செய்கிறவர்களையும் காணோம். உமணர் வண்டி வருவது கொற்கையைச் சொல்லும் இடத்தில்தான். ஆனாலும் ஒன்றை அந்தப் பாணன் மறக்கவில்லை. வழி சொல்வது என்றால் வழியில் இருக்கும் ஆளைச் சொல்வது.

பிரான்சில் இல் தெ ரே என்று ஒரு தீவு. அங்கேயும் உப்பளம், அங்கேயும் சைக்கிள். நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை, அதில் ஒரு பகுதி உப்பளங்களுக்கு நடுவிலேயே போகிறது. உப்பு எடுக்கிறவர்களே பாதையோரம் விற்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகளிலும் அவர்கள் வேலை ஒரு விஷயமாக இடம்பெறுகிறது. நமக்கு உடனே அப்படி ஒரு பாதை கிடைக்கப்போவதில்லை. இங்கே நடப்பது மாமல்லபுரம்–புதுச்சேரி நான்குவழிச் சாலை வேலை. சாலை அகலமாக அகலமாக வண்டிகளின் வேகம் கூடும், ஓரத்தில் நிறுத்தி இறங்குவது குறையும். ஏற்கெனவே காலியாக இருக்கும் அந்த இரண்டாவது பத்தியை நிரப்ப வாய்ப்பு இன்னும் குறையும் என்பதால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

என் பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். படத்தை எடுக்கவில்லை, தலைப்பை மாற்றினேன்: 'மரக்காணம், டிசம்பர், உப்பு வேலை இல்லாத மாதம்.' கீழே புதிதாக ஒரு பத்தி: பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒருமுறை போங்கள். விடியும்போது மரக்காணத்தில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். வெயிலுக்குப் பயந்து உப்பளத்தில் அதற்கு முன்பே வேலை தொடங்கியிருக்கும். வரப்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள், மிதித்து இறுக்கிய மண் அது. கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். திரும்பும்போது பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் ஓட்டிப் பாருங்கள். பாணன் சொன்ன திசை ஏறக்குறைய அதுதான்.

அந்த அம்மாவிடம் பேர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கிளம்பும்போது குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றித் தந்தார், நல்ல தண்ணீர். உப்பளத்தில் அதைத் தூரத்திலிருந்து சுமந்துதான் வர வேண்டும் என்பது குடித்து முடித்த பிறகுதான் புரிந்தது. அட்டவணையில் மரக்காணத்துக்கு நேரே மூன்றாவது பத்தியில் அதை எழுதிவைத்திருக்கிறேன்.