பெயர் தேடும் என்புகள்

மைக்கேல் ஒண்டாட்ஜியின் ‘அனிலின் ஆவி’ 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நாவல். இலங்கை மண்ணிற் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டிற்குப் பெயர் தேடும் கதை. தடயவியல் ஆய்வாளரான நாயகி அனில், என்புகளிற் பதிந்த உழைப்பின் தழும்புகளைக் கொண்டே இறந்தவன் செய்த தொழிலைத் துருவிக் காண்கிறாள். உழைப்பாளியின் வரலாற்றை அவனது எலும்பே சொல்லும் என்று காட்டியது இந்நாவலின் தனிச்சிறப்பு. அதனை நாம் மனமுவந்து ஏற்கிறோம்.

ஆயினும், பண்டத்தரிப்பிலிருந்து இதனைப் படிக்கும் எமக்கு ஒரு குறை உறுத்தவே செய்கிறது. கலைஞன் ஆனந்தா அந்த மண்டையோட்டின்மேல் வனையும் முகம் இறந்தவனுடையதன்று. காணாமற்போன தன் மனைவிக்கு அவன் வேண்டிய அமைதியின் முகம். அது கலை தரும் ஆறுதல். பெற்றவள் கேட்கும் விடையாகாது.

செம்மணியில் 1999 இல் 15 எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 இல் அங்குள்ள சித்துபாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்டவை வெளிப்பட்டன. அவற்றுட் குழந்தைகளின் என்புகளும் உண்டு. இவற்றுக்கு முகம் வனைந்தாற் போதுமா? எலும்பிலுள்ள மரபணு தனித்து நின்று பெயர் சொல்லாது. உயிரோடிருக்கும் உறவினரின் மரபணுவோடு ஒப்புநோக்கும்போதே அது பேசும். தாய்வழி வரும் கூறு அவள் பெற்ற பிள்ளைகள் அனைவரிடத்தும் உண்டு. தாயின் ஒரு துளி இரத்தமே சாட்சியாகும். அத்தாய்மாரோ முதுமையுற்று ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்களின் மாதிரிகளை இன்றே திரட்டிக் காப்பது அரசின் கடன்.

நாவலில் உறவினர் ஓரத்தில் நிற்கின்றனர். அவர்களை நடுவில் நிறுத்தும் படைப்பையே எமது எழுத்தாளரிடம் நாம் வேண்டுகிறோம்.