பட்ட காயமும் பெற்ற பயிற்சியும்: நம் ஆற்றுப்படுத்துநர் மரபின் வழிகள்

நம் துறையின் வழிகளைப் பற்றியும் அவற்றின் தரம் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் ஆற்றுப்படுத்துநர் மன்றத்தின் மலர்க் குழுவினர் பணித்தார்கள். என்னிலும் மூத்தோர் இருக்க இந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததைப் பெரியவர்களின் ஆசியாகவே கொள்கிறேன். யார் யாரிடம் பயின்றார், எந்த வழி எங்கே கிளைத்தது என்பதெல்லாம் உறுப்பினர்கள் அறிந்ததே. ஆகவே அறிமுகங்களை விட்டு நேரே பொருளுக்கு வருகிறேன்.

ஆற்றுப்படுத்துபவர் தாம் பட்டதைக் கொண்டுதான் பிறர் துயரை அணுகுகிறார். இதில் எந்த வழியாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பட்டது மட்டும் போதுமா என்ற இடத்தில்தான் ஒரு வழியின் தரம் தெரியவரும். போதாது என்றே நம் முன்னோர் அனைவரும் கருதினார்கள். தம் காயத்தை மூத்தவர் ஒருவர் முன் வைத்து, அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகே அடுத்தவர் முன் உட்கார்ந்தார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

வழிகள்

சென்னை வழியை முதலில் சொல்வது முறை. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1979-ல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். மறு ஆண்டே, 1980-ல், அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். இழப்பின் சூட்டோடு நோயாளி முன் போய் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஹேசல்டன் மையத்துக்குச் சென்று முறையாகப் பயின்றார். குடிப்பவரின் மனைவிக்கும் தனியே சிகிச்சைத் திட்டம் வேண்டும் என்பதை அவருடைய அறக்கட்டளையின் மருத்துவமனை விதியாக வைத்திருக்கிறது. அந்த விதி எந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்து மருத்துவமனையோடு நின்றுவிடாமல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, ஊரையே துணைக்கு அழைத்த முறையும் அவர்களுடையது.

அடுத்தது தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கியது. அதன் மூத்த வழி லண்டனில் இருக்கிறது. சாட் வாரா என்ற பாதிரியார் 1935-ல் நடத்திய முதல் அடக்கச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. முதல் மாதவிலக்கைத் தீராத நோய் என்று எண்ணித் தன் உயிரைப் போக்கிக்கொண்டவள் அவள். கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. 1953-ல் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். தம்மைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த தொண்டர்களிடமே மனம்விட்டுப் பேசித் தெளிந்து போவதைக் கண்டார். உடனே தாம் ஒதுங்கி, அந்தப் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அறிவுரை சொல்லாமல் கேட்பது என்ற ஸ்நேகாவின் ஒழுங்கு அங்கிருந்து வந்தது.

வேலூர் வழியில் குடும்பமே நடுநாயகம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளியின் உறவினர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார். 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் வீட்டார் ஒருவர் உடன் தங்குவதை வழக்கமாக்கிக்கொண்டது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நடத்திய சாரதா மேனன் அம்மையார், குணமான பிறகும் வாழ்க்கைக்குத் திரும்ப வழி தெரியாமல் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்தே 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார்.

நமக்கு நெருங்கிய உறவு மதுரை வழி. மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை அறியாதவர் இந்த மன்றத்தில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அதன் பிறகு மருந்தும் பிரார்த்தனையும் ஓரிடத்தில் கிடைக்கும்படி தர்கா அருகிலேயே மனநலச் சிகிச்சை வந்தது. நம்பிக்கையை இகழாமல் நோயைக் கவனிக்கும் பண்பு மதுரைக்காரர்களுக்கு இயல்பாகவே உண்டு. அதைச் சொந்த வழி என்பதற்காகச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் ஐயா

இனி என் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டும். அவர் பெயரை எழுதவில்லை. 1935-ல் பில், பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தில், அச்சில் பெயர் வரக்கூடாது என்பது மரபு. அந்தக் கூட்டங்களில் மீண்டவர் ஐயா. மறைந்த பிறகும் அவருடைய விருப்பத்தை நாங்கள் மீறலாகாது. மன்றத்தில் மூத்தவர்களுக்கு யார் என்று தெரியும்.

ஐயா சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குடியால் வேலை போயிற்று, குடும்பம் கலைந்தது, உடல் கெட்டது. மீண்ட பிறகு போடிக்கு இறங்கி வந்து ஒரு வாடகை அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு பாயும் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர் எதில் உட்கார விரும்புகிறாரோ அதில் தாமும் உட்காருவார். தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வரும் அம்மாக்கள் பாயைத்தான் எடுப்பார்கள்.

தோட்டத்தில் பட்டது அவருடைய முறையின் ஒவ்வொரு அணுவிலும் இருந்தது. காய் எடுப்புக் காலத்தில் விடியும் முன்பே ஜீப்பு ஏறிப் போடிமெட்டுக்குப் போகிற பெண், பகல் 11 மணிக்குக் கவுன்சலிங் வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சாயங்காலம் ஜீப்பு திரும்பும் நேரத்தில்தான் அறையைத் திறப்பார். சம்பள நாளில் இரவு வரை இருப்பார். மேலே கேரளம், கீழே தமிழ்நாடு என்று இரண்டு பக்கமும் வாழ்கிறவர்களுக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்த ஊர் ரேஷன் கார்டு என்பதே பாதிக் கவலை. அதைத் தீர்க்காமல் மனக்கவலையைப் பேசக் கூடாது என்பார். ஏலத்துக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள். அதனால் யார் வந்தாலும், வீட்டில் மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் அனுப்பமாட்டார். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முயற்சியைக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ஸ்நேகா செய்து பார்த்ததை அறிந்தபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. தோட்டத்து வாழ்க்கை அவருக்குக் கற்பித்ததை ஆய்வும் அதே திசையில் தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஐயாவின் பெருமை அவர் பட்டதில் இல்லை. பட்டது கண்ணை மறைத்த இடத்தை அவரே எங்களுக்குச் சொன்னார். தொடக்க காலத்தில் எந்த வீட்டிலும் அவருக்குக் குடிதான் தெரியும். தூக்கமில்லை என்று ஒரு அம்மா வந்தார். அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன். வாரா வாரம் கணவரின் குடியைப் பற்றியே ஐயா கேட்டார். அந்த அம்மாவும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவர்கள் முன் கேஸ்களை வைக்கும் மாதக் கூட்டத்தில் ஐயா இதை வைத்தபோது மதுரை வழிப் பெரியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “அந்தம்மா என்ன சொன்னாங்கய்யா? நீங்க கேட்டதைத்தான் இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கீங்க.” அடுத்த வாரம் ஐயா வாய்மூடி இருந்தார். பல மாதங்களுக்கு முன் மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப்பில் தாம் இருந்ததை அம்மா சொன்னார். தினமும் அதே வளைவில் இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. கணவர் குடித்தார்தான். தூக்கத்தைக் கெடுத்தது அந்த வளைவு.

அன்று முதல் ஐயா எங்களுக்கு வைத்த விதிகள் மூன்று. சொந்தக் கதையை வந்தவர் கேட்டால் ஒழியச் சொல்லக்கூடாது. கேட்டாலும் நாலு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு கேஸையும் மாதத்துக்கு ஒரு முறையேனும் மூத்தவர் முன் வைக்க வேண்டும். புதிதாக வருபவர் ஓராண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க மட்டும் செய்யலாம். ஒரு முறை நான் பொறுமை இழந்து காரணம் கேட்டபோது, “பறிச்ச காயை அப்படியே ஏலத்துக்குக் கொண்டுபோனா எவன் எடுப்பான்? ஸ்டோர்ல நிதானமாக் காயணும்ப்பா, அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினா நிறமும் போயிரும்” என்றார்.

குறி சொல்லும் கோடாங்கியிடம் போனவர்களை அவர் கடிந்துகொண்டதே இல்லை. நம் பக்கத்துக் கோடாங்கிகள் பலர், தாம் நோய்ப்பட்டுத் தெளிந்த பிறகே உடுக்கை எடுத்ததாகச் சொல்வார்கள். அங்கேயும் மூத்தவர் கையிலிருந்து வாங்காமல் உடுக்கை எடுப்பது மரியாதையல்ல. இரண்டு மரபுக்கும் ஒழுங்கு ஒன்றே என்பார் ஐயா.

2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்து, மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களோடு 70 உயிர்கள் போயின. ஏர்வாடியும் பெட்டிமுடியும் ஒரே தேதியில் நிகழ்ந்ததை நம்மவர்கள் மறக்கமாட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் என்ன நடந்தது என்று துருவாதே, சாப்பிட்டார்களா, படுக்க இடம் உண்டா, யாருக்குப் போன் போட வேண்டும் என்று கேள் என்பதே எங்கள் பாடம். உலகச் சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக்கூடாது என்றே சொல்கிறது.

இன்றைய நிலை

எவரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. புதிதாக வந்திருப்பவர்களில் அருமையான பிள்ளைகள் இருக்கிறார்கள். மன்றத்தின் வருங்காலம் அவர்களே. ஆனாலும் சிலரைப் பற்றி, பெயர் சொல்லாமல், மனம் பொறுக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று நாள் வகுப்பு முடித்துச் சான்றிதழை மாட்டிக்கொள்கிறார்கள். வந்தவர் உட்காரும் முன்பே “நானும் இந்தக் கஷ்டம் பட்டவன்தான்” என்று தொடங்கி, ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் தம் கதையைச் சொல்கிறார்கள். அழ வந்தவர், எதிரில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கட்டணமும் கொடுத்துப் போகிறார். கார்ல் ரோஜர்ஸ் பாதிரியாராகப் போகவிருந்து, உளவியலுக்குத் திரும்பி, வந்தவரின் பேச்சுக்கு முதலிடம் கொடுக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். யூங் மருத்துவரின் காயத்தைப் பற்றி எழுதியவர். அவரே பயிற்சி பெறும் பகுப்பாய்வாளர் முதலில் தம்மையே பகுப்பாய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். இவர்களோ காயம் என்ற பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டார்கள்.

மாதக் கூட்டத்துக்கு வருவதில்லை. கேஸ் குறிப்பு எழுதுவதில்லை. வேறு இடத்துக்கு அனுப்பும்போது இரண்டு வரிக் கடிதம் தருவதில்லை. மேஜைமேல் செல்போனைக் கவிழ்த்துக்கூட வைப்பதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் 300 பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரே நேரத்தில் அழவைத்து, படம் பிடித்து, ரீல்ஸ் போடுகிறார்கள். வீடு திரும்பிய பிள்ளை இரவில் என்ன செய்யும் என்று கேட்க ஆள் இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் துணிச்சலும் சிலருக்கு வந்திருக்கிறது. மருந்து டப்பா கேள்வியைக் கேட்பவர் எத்தனை பேர்? பாய் விரித்து வைத்திருப்பவர் எத்தனை பேர்? வாடகை அறை நாற்காலி போய்ச் சுழல் நாற்காலி வந்தது. சுழல் நாற்காலியில் இருப்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார். ஜீப்பு எத்தனை மணிக்கு இறங்கும் என்று தெரியாதவர்கள் இந்த ஊரில் போர்டு மாட்டுகிறார்கள். இப்படியே போனால் இன்னும் 10 ஆண்டில் இந்த மலையடிவாரத்தில் கேட்கத் தெரிந்த ஒருவர்கூட மிஞ்சமாட்டார். சென்னையும் வேலூரும் மதுரையும் சேர்த்துக் கட்டியது நம் தலைமுறையிலேயே கலைந்துபோகும். இது என் கண் எதிரே நடக்கிறது. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. மருத்துவ உளவியலாளர்களுக்கு 1992-ன் மறுவாழ்வு மன்றச் சட்டப்படி பதிவு உண்டு. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவுப் புத்தகம் ஒருவருக்குப் படிப்பு உண்டா என்று சொல்லும். அவர் தம் காயத்தை யார் முன் வைத்தார் என்று கேட்க நம்மைப் போன்ற மன்றங்களால்தான் முடியும்.

வேண்டுகோள்

பெரியவர்களின் கவனத்துக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, மாதக் கேஸ் கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவர் மன்றத்தின் பெயரைத் தம் பலகையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டு, புதியவர் ஒவ்வொருவரையும் ஒரு மூத்தவரிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்க வேண்டும். மூத்தவர்களாகிய நாமும் நேரமில்லை என்று தட்டிக்கழிக்கக் கூடாது. மூன்று, 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது என்பதையும், எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம் என்பதையும் ஜீப்பு நிறுத்தங்களிலும் காய் ஸ்டோர்களிலும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைக்க வேண்டும்.

ஓராண்டு பக்கத்தில் உட்கார வைப்பதற்கு இரண்டு புதியவர்களை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். சம்மதமுள்ள மற்ற மூத்தவர்களும் அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால், வரும் காய் எடுப்புக் காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.